அப்பாவுக்கும் ஒரு போர்வை

கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்துகிறார்கள். அதைக் கண்குளிரச் சேவித்துவிட்டு உத்திர வீதிக்கும் சித்திரை வீதிக்கும் திரும்பும் பெரியவர்கள் பலர், பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு மொசைக் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

திருச்சியில் ஏது குளிர் என்று பிள்ளைகள் கேட்கலாம். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்று 2018இல் குளிர்நாடுகளுக்குச் சொன்ன உலக சுகாதார நிறுவனம், முதியவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம் என்றது. வயதாக ஆக தசை கரைகிறது, தோலுக்கடியில் கொழுப்பு மெலிகிறது, சூட்டைக் காக்க ரத்தக்குழாய்கள் சுருங்கும் வேகமும் குறைகிறது. ரத்தசோகையோ தைராய்டு குறைவோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அம்மா "குளிருதுடா" என்றால் அது நிஜம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊரில் கொசுவுக்குப் பயந்து மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது. அந்தக் காற்று நேராகப் படுவது கிழ உடம்புக்கு ஆகாது. கொசுவலை கட்டிவிட்டால் ஃபேனை நிறுத்திவிடலாம். பாய்க்குப் பதில் கட்டில், அதன்மேல் ஜமுக்காளம், காலுக்கு சாக்ஸ், தலைக்கு மங்கி குல்லா. பெரிய செலவில்லை.

குளியல்தான் சிக்கல். விடிவதற்கு முன்பே பச்சைத்தண்ணீரில் குளித்துத் திருப்பாவை சொல்வது பல பேருக்கு ஐம்பது வருஷப் பழக்கம். அதைத் தடுப்பது அவர்கள் மனதை நோகடிக்கும், தடுக்கவும் வேண்டாம். வெந்நீர் போட்டுக் கொடுங்கள், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல் போடுங்கள், தலை ஈரம் காயும்வரை வாசலுக்கு விடாதீர்கள். திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் ரத்த அழுத்தம் எகிறும்.

சர்க்கரை நோயாளிகள் பலரின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். வெந்நீர்ப் பை வைத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. மூடிய அறையில் கரி கணப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பெரியவர் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, பேச்சுக் குழறி, வயிறே சில்லென்று இருந்தால் சுக்குக் காபி போட்டுக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் போனில் "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்று தவறாமல் கேட்கிறார்கள். ராத்திரி குளிர் தெரிந்ததா என்பதையும் இந்த மார்கழியிலிருந்து கேளுங்கள்.