ஏழு மணிக் கறவை

சென்னையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவு. கதிரியக்க மருந்து தயாராகும் ‘ஹாட் லேபில்’ காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. ஸ்கேனுக்கான ஊசிமருந்தை முந்தின நாளே செய்து வைக்க வழியில்லை. அதிலுள்ள கதிரியக்கப் பொருளான டெக்னீஷியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான். இன்று எடுத்தது நாளை இதே நேரம் பதினாறில் ஒரு பங்காகக் கரைந்திருக்கும்.

அதற்குத்தான் ஜெனரேட்டர். ஈயக் கவசத்துக்குள் அலுமினா நிரப்பிய சிறு குழாய், அதில் மாலிப்டினம்-99. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட அது சிதைந்து டெக்னீஷியமாக மாறிக்கொண்டே இருக்கிறது. உப்புநீர் பாய்ந்தால் மாலிப்டினம் அலுமினாவிலேயே தங்கிவிட, டெக்னீஷியம் மட்டும் கரைந்து வெற்றிடக் குப்பியில் இறங்குகிறது. கறப்பது என்றே சொல்கிறார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் உருவான ஏற்பாடு இது. கறந்ததும் டோஸ் காலிபிரேட்டரில் அளவு பார்த்து, மாலிப்டினம் கசிந்திருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள்.

என் கண் போனதெல்லாம் மூத்த டெக்னாலஜிஸ்ட் அம்மாவின் கைகள் மீதுதான். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, டங்ஸ்டன் உறை போட்ட சிரிஞ்சில் மருந்தை எடுத்து, அளந்து, ஈயப் பெட்டியில் மூடுகிறார். வீணாக ஓர் அசைவு இல்லை. கதிர்வீச்சிலிருந்து காத்துக்கொள்ள நேரம், தூரம், தடுப்பு என்று பாடத்தில் மூன்று உண்டு. தடுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். தூரத்துக்கு இடுக்கி இருக்கிறது. இரு மடங்கு விலகினால் கதிர் நாலில் ஒன்றாகும். நேரத்தைக் குறைக்க மட்டும் பழகிய கைதான் வேண்டும்.

ஆகவே மாணவர்கள் முதலில் வெறும் உப்புநீரில் பழகுகிறார்கள். அன்று ஒரு மாணவன் முதன்முறையாக உண்மையான மருந்தை எடுக்க வந்தான். சிரிஞ்சைத் தொட்டவன் தயங்கினான்.

“கை நடுங்குதுல்ல? இன்னிக்கு வேணாம் தம்பி. இன்னும் நாலு தடவ உப்புத்தண்ணியில எடுத்துப் பாரு.”

“சரி மேடம்.”

வெளியே நோயாளிகள் காத்திருக்கும் வேளையில் அவ்வளவு நிதானமாகச் சொல்ல மனசு வேண்டும்.

உடலில் படும் கதிர்வீச்சை அளக்க மார்பில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ் போதாதென்று விரலிலும் மோதிரம்போல் ஒன்று அணிகிறார்கள். மருந்துக்கு மிக அருகில் போவது விரல்தானே. உடல் முழுமைக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு.

மாலையில் எங்காவது கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று சர்வே மீட்டரோடு மேசை, குழாய்ப்பிடி, கதவுப்பிடி எல்லாம் பார்த்தாக வேண்டும். கழிவைப் பத்து அரை ஆயுள் காலம் பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். டெக்னீஷியத்துக்கு 60 மணி நேரம்; அயோடின்-131-க்கு 80 நாள். எல்லாவற்றுக்கும் பதிவேடு.

பதிவேடு ஏன் முக்கியம் என்பதற்கு, 2010இல் டெல்லி மாயாபுரியில் நடந்ததை அந்த அம்மா நினைவுபடுத்தினார். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் 1985 முதல் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதைப் பிரித்த தொழிலாளர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. ஒருவர் இறந்துபோனார், மற்றவர்கள் நெடுநாள் சிகிச்சையில் கிடந்தார்கள். ஓர் ஆய்வகம் தன்னிடம் இருப்பதை மறந்ததற்கு, அங்கே ஒருநாளும் வேலை செய்யாதவர் உயிரைக் கொடுத்தார். இதை என்னால் ஆற்றாமையின்றி எழுத முடியவில்லை.

மாணவன் கழிவுப் பதிவேட்டை எழுதி நீட்டினான். ஒரு வரியில் மூடிய நேரம் விடுபட்டிருந்தது. அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.