நான்கு கதவுகள்

அம்பாசடரையும் பியட்டையும் நினைவுகூர்வோர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை மறந்துவிடுகின்றனர். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்காரின் உருவை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. அங்கே அதற்குக் கதவுகள் இரண்டே; முன்னிருக்கையைச் சாய்த்து, உடலைக் குறுக்கியே பின்னிருக்கையை அடைய வேண்டும். நம் நாட்டுக் குடும்பங்களுக்கேற்ப அதற்கு நான்கு கதவுகள் அமைத்த பெருமை சென்னைக்கு உரியது.

தந்தையார் விட்டுச்சென்ற அத்தகைய வண்டியைப் பெங்களூர்த் தெருக்களில் நாம் பல்லாண்டு ஓட்டினோம். 948 சிசி எஞ்சின் மேட்டில் முனகும். ஆயினும் குறுகிய சந்திலும் எளிதில் திரும்பும். மூட்டுவாதத்தால் வருந்திய அன்னையார், பின்கதவைத் தாமே திறந்து அமர்ந்து, "போகலாம்" என்பார். பிறர் கையை அவர் எதிர்பாராத பயணங்கள் அவை. அன்னையார் மறைந்த பின்னரும் வண்டியை விற்க நமக்கு மனம் வரவில்லை. அக்கதவின் கீலுக்கு மாதந்தோறும் எண்ணெயிட்டு வருகிறோம்.