நம்பிக்கைக்கு ஓர் ஓசை

அமெரிக்க மொழியியலாளரும் அறிவியல் புனைகதை எழுத்தாளருமான சூசெட் ஹேடன் எல்ஜின் 1982இல் ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதன் பெயர் லாஅடன். 1984இல் வெளிவந்த அவருடைய 'நேட்டிவ் டங்' நாவலில், உரிமைகளைப் பறிகொடுத்த பெண்கள் இரகசியமாக உருவாக்கும் மொழி இதுதான். பெண்களின் அனுபவத்தைச் சொல்ல, இருக்கும் மொழிகள் போதுமா என்பது எல்ஜினின் கேள்வி.

லாஅடனில், பேசுபவருக்கு ஒரு செய்தி எப்படித் தெரியவந்தது என்பதை வாக்கியத்தின் கடைசியில் வரும் ஒரு சிறு சொல் காட்டும். தானே உணர்ந்தது என்றால் 'வ'. கனவில் கண்டது என்றால் 'வெ'. பிறர் சொல்லிக் கேட்டதற்கு இரண்டு சொற்கள் உண்டு. இரண்டிலும் 'வ', 'அ' என்று இரண்டு அசைகள். முதல் அசையில் குரலை ஏற்றினால் 'சொன்னவரை நம்புகிறேன்' என்று பொருள். இரண்டாவதில் ஏற்றினால் 'நம்பவில்லை'. தமிழில் எழுதினால் இரண்டும் 'வா'தான். நம் நாக்கும் இரண்டையும் ஒரே நெடிலாக்கிவிடும். சொன்னவருக்குக் கெட்ட எண்ணமும் உண்டு என்று நினைத்தால் கடைசியில் இன்னோர் ஒலி சேரும். நாக்கை 'ல்' சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல், பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். கசப்பான பொருளைத் தருவதற்காகவே எல்ஜின் வைத்த ஒலி அது.

இதைப் படித்தபோது நம் 'ஆம்' நினைவுக்கு வந்தது. 'வந்தாளாம்', 'சொன்னாளாம்'. கேள்விப்பட்டது என்று மட்டும் அது தெரிவிக்கும். சொன்னவளை நம்புகிறோமா என்பதைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் வயிற்றுவலியோடு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். விவரம் கேட்ட நர்ஸ் உள்ளே திரும்பி, "மூணு நாளா வலிக்குதாம் டாக்டர்" என்றார். அந்த 'தாம்' கொஞ்சம் நீண்டது. டாக்டர் சிரித்தார். கேஸ் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் கல் என்றார்கள். நான் எதைச் சொல்லிப் புகார் செய்வது? அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. நீண்டது ஓர் ஓசை மட்டும்தான்.

மாமியார் வீட்டிலும் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் பெண்ணின் பேச்சு இப்படித்தான் இழுபடுகிறது. கேட்டால், "நான் என்ன தப்பா சொன்னேன்?" என்பார்கள். லாஅடனில் அப்படி நழுவ முடியாது. குரலின் ஏற்ற இறக்கமே அங்கு இலக்கணம். நம்பாதவர் நம்பவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், ஏன் என்று கேட்கலாம்.

பத்து வருடம் பார்த்துவிட்டு, பெண்கள் இம்மொழியை எடுத்துக்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு எல்ஜின் வந்தார். 'ஸ்டார் டிரெக்' போர்வீரர்கள் பேசும் கிளிங்கன் மொழியோ நன்றாகவே பரவியது. லாஅடனைப் பேச நம்மைச் சுற்றி யாரும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அது எழுப்பும் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். யாராவது 'ஆம்' என்று இழுக்கும்போது, "அவ சொல்றத நம்புறீங்களா, இல்லையா?" என்று கேட்டால் போதும்.