பாங்கிக் காவலாளி

கதைக்கு வந்த செக்கை மாற்றப் பாங்கிக்குப் போயிருந்தேன். வாசல் ஸ்டூலில் இரட்டைக் குழல் துப்பாக்கியுடன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்.

"திருடன் வந்தால் சுட்டுவிடுவீர்களா?" என்றேன்.

"எப்படி ஸார்? இதில் ரவை சிதறும். கவுண்ட்டரில் நிற்கும் நீங்களும் அல்லவா விழுவீர்கள்!"

ஸ்வீடன் தேசத்துச் சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. 1973-ல் ஸ்டாக்ஹோம் பாங்கி ஒன்றில் துப்பாக்கியோடு நுழைந்தவன் ஊழியர் நால்வரைப் பிணையாக வைத்துக்கொண்டான். அவர்களில் ஒரு பெண் பிரதம மந்திரியிடமே டெலிபோனில் சொன்னாள்: போலீஸ் உள்ளே பாய்வதுதான் பயமாக இருக்கிறதென்று. ஆறாம் நாள் போலீஸார் புகை விட்டே பிடித்தார்கள்; ஓர் உயிரும் போகவில்லை.

பாங்கியில் துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இருக்கட்டும்; சுடுவதற்கு முன் என்னை நினைக்கிற அந்தப் பெரியவர் கையில் இருக்கட்டும்.