சேனையும் சீம்பாலும்

எங்க திருநெல்வேலிப் பக்கம் பிள்ளை பிறந்ததும் "சேனை யாரு வச்சா?"ன்னு கேப்பாங்க. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சேனைங்கறது சீனித் தண்ணி, சில வீடுகள்ல தேன். குடும்பத்துல நல்ல பேர் எடுத்த ஒருத்தர் விரல்ல தொட்டுப் பிள்ளை நாக்குல வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும்னு நம்பிக்கை. எனக்கு வச்சது தாத்தா. அதுல எனக்குப் பெருமைதான் :)

போன வருஷம் அக்காவுக்குப் பாளையங்கோட்டையில ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பிறந்தப்போ ஆச்சி சீனித் தண்ணியோட வந்து நின்னாங்க. "அவளே எந்திரிக்க முடியாமக் கிடக்கா. பாலு ஊற மூணு நாளாவும். அதுவரைக்கும் பச்சப்புள்ள பட்டினியாவா கிடக்கும்?"

கேள்வி நியாயமானதுதான். அதுக்குப் பதில் சீம்பால். முதல் ரெண்டு மூணு நாள் மஞ்சளா, கெட்டியா, கொஞ்சமா சுரக்கறது. பிறந்த பிள்ளையோட வயிறும் சின்னது, அதனால அந்தக் கொஞ்சமே போதும். நோயை எதிர்க்கிற சக்தி அதுல நிறைய. பல வீடுகள்ல இதைத்தான் "கெட்ட பால்"னு பீச்சிக் கொட்டினாங்க!

பிறந்த 1 மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், 6 மாசம் வரைக்கும் தண்ணி கூட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆபரேஷன் ஆனாலும், தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா, பிள்ளையைத் தாய் நெஞ்சுல போடலாம். அந்தச் சூட்டுல கிடந்து அது தானே தேடும். சப்பச் சப்பத்தான் பால் ஊறும், தாயோட கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கும் குறையும். சீனித் தண்ணியில வயிறு நிறைஞ்ச பிள்ளை சரியாச் சப்பாது. தேன்னா இன்னொரு ஆபத்து: 1 வயசுக்குள்ள கொடுத்தா பொட்டுலிசம்ங்கற நோய் வரலாம்.

நெஞ்சுச் சூட்டுக்கு எவ்வளவு பலம்னு பாருங்க. 1978ல கொலம்பியாவோட பொகோட்டா நகரத்துல இன்குபேட்டர் போதலை. எட்கர் ரேங்கற டாக்டர், எடை குறைஞ்ச பிள்ளைகளைத் தாய் நெஞ்சோட அணைச்சு வைக்கச் சொன்னார். கங்காரு முறைங்கற பேர்ல அது இன்னிக்கு நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்லயும் இருக்கு.

இதெல்லாம் நான் சொல்லி ஆச்சி கேக்கலை. அம்மாதான் மெதுவாக் கேட்டாங்க: "ஏன் அத்தே, பெத்தவ குணம் பிள்ளைக்கு வந்தா ஆகாதா?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் டம்ளரைக் கீழ வச்சுட்டு, பிள்ளையை அக்கா நெஞ்சுல போடச் சொன்னாங்க.

சேனைங்கற எண்ணம் நல்ல எண்ணம்தான். வைக்கிற ஆளை மட்டும் மாத்தணும்னு எனக்குத் தோணுது. எங்க மருமகளுக்குச் சேனை வச்சது யாருன்னு கேட்டா, இப்போ ஆச்சியே "அவ அம்மைதான்"னு சொல்றாங்க.

உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?