தந்தையார் விட்டுச் சென்ற மிதிவண்டி

பிழைப்பை நாடிப் பெங்களூர் வந்த நம் முன்னோர் பலர் கையோடு கொணர்ந்தவை ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமே. இங்குக் கால் ஊன்றிய பின் அவர்கள் அரும்பாடுபட்டு வாங்கிய முதற்பொருள் பெரும்பாலும் மிதிவண்டியாகவே இருந்தது. 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸும் இந்நகரில் தோன்றின. அவற்றின் வாயில்களிலும் பின்னி ஆலையின் வாயிலிலும் சங்கு ஊதிய வேளைகளில் சாலையை நிறைத்துச் சென்றவை சைக்கிள்களே அன்றோ?

அவற்றுட் சில இன்றும் நம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடக்கின்றன. ஒரு நாள் காயலான் கடைக்காரர் வருவார். எடை போட்டு எடுத்துச் செல்வார். அந்த நாள் வருமுன் ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

என் தந்தையார் திருப்பத்தூருக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து ஆலைத் தொழிலாளியானவர். அவருடைய வண்டி ஹெர்குலிஸ். "அது சீமைச் சைக்கிள்" என்று உறவினர் யாவரும் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் மறைந்த பின், பழம்பொருள் சேர்ப்பவர் ஒருவர் வந்து, இங்கிலாந்தில் செய்த வண்டியாக இருந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். விற்றுவிடலாம் என்றார் தமையனார். புது வண்ணம் பூசிக் கூடத்தில் நிறுத்தலாம் என்றான் தம்பி. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. "முதலில் அது எந்த ஊர் வண்டி என்று பார்ப்போம்" என்று அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

பெயரை மட்டும் கண்டு வண்டியின் பிறப்பிடத்தை முடிவு செய்தல் இயலாது. ஹெர்குலிஸ் முதலில் பர்மிங்காம் நகரத்து நிறுவனம். 1946-இல் அதை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்னும் குழுமம் வாங்கியது. அக்குழுமமும் முருகப்பா குடும்பத்தாரும் கூடி 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் ஹெர்குலிஸ் பிறக்கலாயிற்று. ராலே நாட்டிங்காமைச் சேர்ந்தது. எனினும் வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே ஆலை இருந்தது. பி.எஸ்.ஏ.யும் பர்மிங்காமில் தோன்றிப் பிற்காலத்தில் அம்பத்தூருக்கு வந்த பெயரே. ஒரே பெயருக்கு ஈரூர்கள்!

ஆதலால் உறுப்புகளைப் படித்தல் வேண்டும். பெடல் பூட்டிய பெரிய பற்சக்கரத்தை முதலில் நோக்குக. நாரைத் தலைகள் இருந்தால் ராலே. விரித்த கை இருந்தால் ரட்ஜ். ஓடும் மனிதர் உருவங்கள் இருந்தால் ஹம்பர். அடுத்து, ஹேண்டில் பாருக்குக் கீழே முன்குழாயில் பதித்த உலோகச் சின்னத்தையும், இருக்கைக்கு அடியில் சட்டத்தில் பொறித்த எண்ணையும், ரிம்மிலும் சக்கரக் குடத்திலும் உள்ள எழுத்துகளையும் காண்க. ஸ்டர்மி-ஆர்ச்சர் என்னும் மூவேகக் குடம் இருந்தால் நற்பேறு. அதன் மேலேயே ஆண்டின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஆயினும் குடம் பின்னாளில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஒரே சான்றை நம்பாமல் நான்கைந்து சான்றுகள் ஒத்து வருகின்றனவா என்று பார்ப்பதே முறை.

டொராண்டோவில் வாழும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, அங்கும் இக்கலை உண்டு என்றார். 1899-இல் தோன்றிய சி.சி.எம். என்னும் கனடா நிறுவனம், கிளீவ்லாண்டு, மாஸி, ரெட் பேர்டு எனப் பல பெயர்களில் வண்டிகளை விற்றது. 1983-இல் அது நொடித்துப்போன பின்னும், சட்டத்தில் பொறித்த எண்ணோடு சேர்ந்த எழுத்தைக் கொண்டே ஆண்டைக் கணிக்கிறார்களாம். பெயர் பலவாயினும் இரும்பில் வெட்டிய குறி உண்மை சொல்லும் என்பது அங்கும் பொருந்துகிறது.

எங்கள் வண்டியின் சின்னத்தில் அரை நூற்றாண்டு அழுக்குப் படிந்திருந்தது. மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தேன். டி.ஐ. சைக்கிள்ஸ் ஆப் இந்தியா என்னும் எழுத்துகள் வெளிப்பட்டன. சீமையன்று, அம்பத்தூர். செய்தி அறிந்த சேகரிப்பாளர் விலகிக்கொண்டார். தமையனார் மட்டும் சிறிது நேரம் அந்த எழுத்துகளையே பார்த்துவிட்டு, "அப்பாவைப் போல இதுவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உழைத்ததுதான்" என்றார். அதன் பிறகு விற்கும் பேச்சு எழவில்லை.

இனிச் சீர்செய்தல். சட்டம் நேராக உள்ளதா என்பதை ஒரு நூலாலேயே அறியலாம். பின் அச்சு பொருந்தும் இடத்தில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறுபுறம் கொண்டுவந்து கட்டுக. இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை. துருவேறிய காட்டர் பின்னில் முந்திய நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அதன் நட்டை முற்றும் கழற்றாமல், பெடல் தண்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக அடித்தால் மரை கெடாமல் வரும். பால்ரஸ் குண்டுகளைக் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றிப் புதுக் கிரீஸ் இடுக. முலாம் பூசிய பாகங்களில் உள்ள துருவை, நீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தாலே நீக்கலாம், உப்புத்தாள் வேண்டா. பெருவண்டிகளை நம் நாட்டில் இன்றும் செய்வதால், 28 அங்குல டயரும் பிரேக் கட்டையும் எளிதிற் கிடைக்கின்றன. நாட்டிங்காம் ராலேயில் மட்டும் எச்சரிக்கை தேவை. மற்றவற்றில் அங்குலத்துக்கு 24 மரை இருக்குமிடத்தில் அதற்கு 26. பொருந்தாததை முறுக்கினால் சட்டமே பாழாகும்.

எஞ்சியது வண்ணம். தம்பி வாங்கி வந்த கறுப்பு வண்ண டப்பா திறக்கப்படக் காத்திருந்தது. அன்று அன்னையார் வண்டியின் அருகில் வந்தார். நடுக்குழாயில் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் வளையமாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அதைத் தடவி, "குழந்தை இருக்கை மாட்டிய இடம், மூவரும் இதில்தான் பள்ளிக்குப் போனீர்கள்" என்றார். ஆலைச் சங்குக்கு முன் எங்களைப் பள்ளியில் விட்டு, நேரம் தவறாமல் வாயிலை அடைய அவர் எவ்வளவு விரைந்து மிதித்திருப்பார் என்பதை அந்த வளையம் கண்டபோதுதான் உணர்ந்தோம். அதன்மேல் வண்ணம் பூச யாருக்கு மனம் வரும்? தம்பியே டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். சட்டத்தின் மீது மெழுகு மட்டும் பூசினோம். சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, புது டயர் மாட்டினோம். இன்று ஞாயிறு காலைகளில் அல்சூர் ஏரிவரை அது ஓடுகிறது.

பழுதை நீக்குவது வேறு. வாழ்ந்த தடத்தை அழிப்பது வேறு. துரு பகை, தேய்மானம் நம் குடும்பத்தின் வரலாறு. அன்பர்களே, உங்கள் மாடிப்படியின் அடியிலும் ஒரு வண்டி கிடக்குமாயின், எடைக்குப் போடுமுன் ஒரு துணியை எடுத்து அதன் சின்னத்தைத் துடையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இரும்பு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.