தேவனாம்பட்டினமும் துப்பாக்கிக் குழலும்

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களிடம் டெக்ஸ் வில்லரின் வின்செஸ்டர் ரைபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விசையைச் சுற்றி ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். இதுதான் லீவர் ஆக்‌ஷன். 1894ஆம் ஆண்டு மாடல் முக்கியமாக இரண்டு அளவுகளில் வந்தது. ஒன்று 26 அங்குலக் குழல் உள்ள ரைபிள். இன்னொன்று குதிரைமேல் போகிறவர்களுக்கு வசதியான 20 அங்குலக் கார்பைன்.

குழலில் ஆறு அங்குலம் குறைந்தால் தோட்டாவின் வேகம் எவ்வளவு குறையும்?

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் கணக்குப் போட்டு விடை சொன்னவர் இங்கிலாந்தில் பிறந்தார். ஆனால் இறந்தது நம் கடலூரில், தேவனாம்பட்டினம் கோட்டையில். ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? அவர் கதைக்குப் போகுமுன் அந்தக் கோட்டையின் கதையைப் பார்த்துவிடலாம். அதுவும் ஒரு குழலில்தான் தொடங்குகிறது.

1690இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல் (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல்தான்). கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் உண்டு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை!

இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டால் வாங்குகிறவர் என்ன செய்வார்? சென்னையில் இருந்த நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துத் தேவனாம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். மருந்தைக் கெட்டித்து நன்றாகச் சுடுவது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம் என்ற குறிப்பும் கூடவே போனது. 1690 செப்டம்பரில் நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சேர்ந்தன. கடலூரும் அதில் அடக்கம். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அவற்றுக்கு நெடுங்காலம் வழங்கியது.

ஒப்பந்தம் போட்டது இரண்டு தரப்பு. உழுது வரி கட்டியது மூன்றாவது தரப்பு. எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து, குழல் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் வரையறுக்காமல் 'குண்டு போகும் தூரம்' என்று மட்டும் எழுதியதால், முழக்கோல் வாங்குகிறவர் கைக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் பீரங்கி விஷயத்தில் பெரும்பாலும் நம்பிக்கைதான், கணக்கு இல்லை. குழல் நீளமானால் குண்டு தூரம் போகும் என்பது அதில் ஒன்று. தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் இருக்கும், ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியின் நீளம் சுமார் 26 அடி. டோவர் கோட்டையிலும் 24 அடிப் பீரங்கி ஒன்று உண்டு. நீளம் கூட்டினால் வேகம் எவ்வளவு கூடும் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பதில் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் பாத் நகரில் பிறந்து, லண்டனில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1742இல் பீரங்கிக் கலை பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கனமான மரப்பலகையை ஊசல் போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். பலகை எவ்வளவு தூரம் பின்னால் ஆடுகிறது என்று நாடாவால் அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். கண்ணுக்கே தெரியாத ஒன்றை அளக்க ஒரு பலகையும் நாடாவும்!

குழலைப் பற்றி அவர் சொன்னது இதுதான். வெடிமருந்து எரிந்ததும் ஏராளமான வாயு உண்டாகிறது. அது குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. குண்டு முன்னே போகப் போக வாயுவுக்கு இடம் பெரிதாகிறது, அழுத்தம் குறைகிறது. அதனால் குழலின் முதல் சில அங்குலங்களில் கிடைக்கும் உந்துதல் கடைசி அங்குலங்களில் கிடைக்காது.

அவர் எடுத்துக்கொண்ட துப்பாக்கியின் குழல் 45 அங்குலம், குண்டின் குறுக்களவு முக்கால் அங்குலம். அவர் கணக்கில் வேகம் விநாடிக்குச் சுமார் 1,670 அடி. அதே சூத்திரத்தில், மருந்தை மாற்றாமல் குழலை 90 அங்குலமாக இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, சுமார் 1,860 அடிதான் வரும். பாதியாக வெட்டினால் சுமார் 1,450. நூறு சதவீதம் நீளம் கூட்டியதற்கு லாபம் பதினொரு சதவீதம்! பி.காம். முதலாண்டில் படிக்கும் 'குறைந்து செல் விளைவு விதி'க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மருந்து முழுவதும் ஒரே நொடியில் எரிந்துவிடுவதாக ராபின்ஸ் வைத்துக்கொண்டார். இன்றைய புகையற்ற மருந்து மெதுவாக எரிகிறது, அதனால் எண்கள் மாறும். ஆனால் போக்கு அதேதான். வின்செஸ்டரின் .30-30 தோட்டாவுக்கு ஓர் அங்குலம் குறைந்தால் தோராயமாக 20 அடி வேகம் குறையும். ஆறு அங்குலத்துக்கு 120 அடி. மொத்த வேகம் 2,200 அடிக்கு மேல். ஆக நீளம் 23 சதவீதம் குறைந்தாலும் வேகத்தில் ஐந்து சதவீதம்தான் நஷ்டம். குதிரைவீரர்கள் கார்பைனை விரும்பியதில் தப்பே இல்லை. மருந்து குறைவான .22 தோட்டாவில் 16 முதல் 20 அங்குலத்துக்குமேல் லாபமே இல்லை. அதற்குப்பின் குழலின் உராய்வு வேகத்தைத் தின்ன ஆரம்பிக்கும்.

ராபின்ஸ் இன்னொன்றும் கண்டுபிடித்தார். காற்றே இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கிக் குண்டு சுமார் 17 மைல் போக வேண்டும். உண்மையில் அரை மைல்கூடப் போவதில்லை. மீதியைக் காற்று விழுங்கிவிடுகிறது. அதாவது வேகம் கூடினாலும் தூரம் அதே அளவில் கூடாது. மாமேதை ஆய்லர் 1745இல் இந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதைவிடப் பெரிய விளக்கவுரையும் எழுதினார். 1746இல் ராபின்ஸுக்கு ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் கிடைத்தது.

இவ்வளவு பெரிய ஆளைக் கம்பெனி விடுமா? பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் சென்னையைப் பிடித்த பிறகு, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே தேவனாம்பட்டினம்தான். கோட்டைகளைப் பலப்படுத்தத் தலைமைப் பொறியாளராக ராபின்ஸை அனுப்பினார்கள். 1750இல் வந்து இறங்கினார். காய்ச்சலில் விழுந்தார். 1751 ஜூலை 29 அன்று, 44 வயதில், இங்கேயே இறந்துபோனார். கையில் பேனாவோடு, கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதே உயிர் போனதாகச் சொல்கிறார்கள். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து அரண்களை இடித்துத் தள்ளினார்.

இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. 1690இல் ஒரு குழலின் வீச்சை வைத்து ஊர்களின் தலைவிதி எழுதப்பட்டது. அந்த வீச்சு எதனால் கூடும், எதனால் குறையும் என்று விளக்கியவர் அறுபது ஆண்டு கழித்து அதே மண்ணுக்கு வந்தார், அதே கம்பெனிச் சம்பளத்தில். நிலத்தை இழந்தவர்கள் பக்கத்தில் இந்தக் கணக்குத் தெரிந்தவர் அன்று ஒருவரும் இல்லை. தெரிந்திருந்தால், 'எந்தப் பீரங்கி? எத்தனை ராத்தல் மருந்து?' என்றாவது கேட்டிருப்பார்கள்.

சில்வர் பீச்சுக்குப் போகிறவர்கள் அலை பார்த்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, கெடிலம் ஆற்றுப் பக்கம் மிஞ்சியிருக்கும் கோட்டைச் சுவடுகளையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.